தவிட்டுப் பாணி

மண்டூர்க் கந்தன் துணை

களுவாஞ்சிக்குடி
12.8.1941

அன்புள்ள தம்பி நல்லரத்தினத்துக்கு அக்கா சீதேவிப்பிள்ளை எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கடைச்சாப்பாட்டில் உன் உடம்பு கெடாமல் இருக்கிறதா? வெள்ளவத்தைக் கடற்காற்று உனக்கு ஒத்துவருகிறதா?

நீ போன மாதம் எழுதியதை அத்தான் அரிசி மில்லுக்குக் கொண்டுபோய், தன்னோடு கிளாக்கு வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம். "எங்கட மச்சான் கொழும்பில இலையான் வளர்க்கிறார். அதுக்குக் கவுண்மேந்து சம்பளமும் குடுக்குது" என்று சொல்லிச் சிரித்தாராம். கோபிக்காதே. அவருக்கு உன்மேல் பெருமைதான்.

தம்பி, ஒரு விஷயம். தையில் எனக்குப் பிள்ளை கிடைக்கும் என்று மருத்துவிச்சி சொல்கிறாள். இதை எழுதுவதற்கே கை வருகுதில்லை. முதல் இரண்டும் நம்மை விட்டுப் போன விதம் உனக்குத் தெரியும். இந்தத் தடவை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிறவர்களின் முகம் மாறுகிறது. அம்மா இருந்திருந்தால் அவவுக்கு மட்டும் சொல்லியிருப்பேன். இப்போது உனக்குச் சொல்கிறேன்.

எனக்கு வேறு சுகயீனம் எதுவும் இல்லை. கால் மட்டும் இடைக்கிடை விறைத்துப்போகிறது. நடந்தால் பஞ்சுக்குமேல் நடக்கிற மாதிரி இருக்கும். பிள்ளைத்தாச்சிக்கு அது வழக்கம் என்கிறார்கள்.

உன் நலம் அறிய வழிபார்த்திருக்கும்,
அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
24.8.1941

என் அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே நீங்களும் அத்தானும் அப்படியே இருக்கக் கந்தனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பயப்பட வேண்டாம் என்று எழுதுவது இலேசு. ஆகவே அப்படி எழுதாமல், அத்தான் சிரித்த என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

வாழைப்பழம் கனிந்தால் எள்ளுப்போலச் சின்ன ஈ, இலையான், சுற்றுமே, அதுதான். பால் போத்தல்களில் இரையை அவித்து ஊற்றி, அதில் இவற்றை விட்டு, வாயைப் பஞ்சால் அடைக்கிறோம். முட்டை புழுவாகி, புழு கூடாகி, கூடு இலையானாக ஒரு மாதம்கூட வேண்டாம். மனிதனில் பார்க்க வருஷக்கணக்காகும் விஷயத்தை இதில் கெதியாகப் பார்த்துவிடலாம் என்பதற்காகத்தான் எங்கள் ஆய்வுகூட டொக்டர் இதை வளர்க்கிறார்.

சில போத்தல்களுக்கு வழக்கமான வாழைப்பழ இரை. சிலவற்றுக்கு மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும். இன்னும் சிலவற்றுக்கு அதே வெள்ளை அரிசியோடு, தவிட்டிலிருந்து நாங்கள் பாகுபோல இறக்கிய ஒரு பாணி சில துளி. அக்கா, வெள்ளை அரிசி மட்டும் தின்ற புழுக்கள் பொரித்த அளவிலேயே நிற்கின்றன. இரைக்கு நடுவில் கிடந்தபடியே சாகின்றன. பாணி விட்ட போத்தல்களில் கண்ணாடி தெரியாத அளவுக்கு இலையான். தவிட்டில் இருக்கும் விற்றமின் என்ற சத்துத்தான் காரணம் என்கிறார் டொக்டர்.

உங்களை நோகச் செய்வதற்கு மன்னியுங்கள். முன் இரண்டு பிள்ளைகளுக்கும் வருத்தம் தொடங்கியபோது எப்படி இருந்தது? அழுகை எப்படி இருந்தது? பிள்ளை பெற்ற பிறகு உங்களுக்கு என்ன சாப்பிடத் தந்தார்கள்? மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பி நல்லரத்தினம்


மண்டூர்க் கந்தன் துணை

களுவாஞ்சிக்குடி
15.9.1941

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உனக்குத் தடிமன் என்று மட்டக்களப்புக்கு வந்தவர் ஒருவர் சொன்னார். கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. பதில் எழுத இருப்பேன், எழும்பிப் போவேன். இன்று எழுதி முடிக்கிறேன்.

இரண்டும் கொழுகொழுவென்றுதான் பிறந்தன. இரண்டும் மூன்றாம் மாதம்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு பால் குடித்ததும் கக்கும். முகம் ஊதினாற்போல இருக்கும். அழுகை கம்மி வரும். கடைசியில் வாய் திறந்திருக்கும், முகம் சிவக்கும், கண்ணால் நீர் வடியும், சத்தம் மட்டும் வராது. மூத்தவன் அழுவது தெரியாமல் நான் அடுப்படியில் நின்றிருக்கிறேன், தம்பி. திரும்பிப் பார்த்தபோதுதான் அவன் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. அடுத்த நாள் இல்லை. பெண்பிள்ளைக்கு அதைவிடக் கெதியாக முடிந்துவிட்டது.

சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரில் எல்லோரும் உரலில் குத்திய தவிட்டோடு குத்தரிசி சாப்பிட, அத்தான் எனக்கென்று மில்லில் முதல்தரமாகத் தீட்டிய பச்சையரிசி கொண்டுவருவார். பிள்ளை பெற்றபின் அத்தானின் அக்கா இலட்சுமி மச்சாள் அந்த அரிசியைப் பலதரம் கழுவி, கஞ்சி வடித்து, மிளகுத் தண்ணியோடு தருவா. காய்கறி, மீன், பருப்பு எல்லாம் விலக்கு. பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று நானும் ஆசைப்பட்டுக்கூட ஒன்றும் தொடவில்லை.

இதையெல்லாம் ஏன் கேட்கிறாய்? உன் இலையானுக்கும் எனக்கும் என்ன?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
10.10.1941

என் அன்புள்ள அக்காவுக்கு,

தடிமன் மாறிவிட்டது. உங்கள் காலைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

இந்தக் கடிதத்தோடு காத்தான்குடி அப்துல் மஜீத் காக்கா ஒரு போத்தல் கொண்டுவருவார். புடைவை எடுக்கக் கொழும்பு வந்தவர், அண்ணன் மாதிரி நல்ல மனுஷன். போத்தலில் இருப்பது நான் சொன்ன தவிட்டுப் பாணி. நீங்கள் எழுதியதை டொக்டரிடம் சொன்னேன். அவரே எழுந்துபோய் ஊற்றித் தந்தார். மனிதருக்குக் கொடுத்து இங்கே பார்த்ததில்லை, ஆனாலும் தவிடு சாப்பாடுதானே, கெடுதல் செய்யாது என்றார். காலையும் மாலையும் ஒரு கரண்டி குடியுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் விடாமல் குடியுங்கள்.

இன்னொன்று. மில் அரிசியை விட்டுவிட்டு ஊரார் சாப்பிடுகிற குத்தரிசியையே சாப்பிடுங்கள். பருப்பும் சேருங்கள். அத்தானுக்கு மனம் நோகாதபடி ஏதாவது சாட்டுச் சொல்லுங்கள்.

ஏன் கேட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வேலைக்கு உதவும் என்றுதான். வேறொன்றும் இல்லை.

உங்கள் சுகமே வேண்டும்,
தம்பி நல்லரத்தினம்


மண்டூர்க் கந்தன் துணை

களுவாஞ்சிக்குடி
20.11.1941

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இரு. இங்கே மாரி தொடங்கிவிட்டது, வாவி நிறைந்து கிடக்கிறது.

மஜீத் காக்கா போத்தலைத் துணியால் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிவந்தார். "உன்ட தம்பி பத்துத்தரம் சொல்லி அனுப்பினான் புள்ள, கீழ வெச்சிராதீங்க காக்கா எண்டு" என்றார். பாணி கசப்பும் இனிப்பும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். கால் விறைப்பு முக்கால்வாசி போய்விட்டது. மெய்யாகவே போய்விட்டது, உன்னைச் சந்தோஷப்படுத்த எழுதவில்லை.

குத்தரிசிதான் முடியவில்லை. அத்தான் சாக்கைத் தோளில் சுமந்துவந்து இறக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? மச்சாளும் "தவிட்டரிசி திண்டா வயிறு ஊதும் கா, அது பிள்ளைத்தாச்சிக்கு ஒண்ணா" என்கிறா. பாணி இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். மச்சாள் இடைக்கிடை ஏதாவது சொல்லுவா. அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது.

நீ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். நான் கேட்டதற்கு நீ சரியாகச் சொல்லவில்லை.

மறுகடிதம் போடு,
அக்கா


சிவமயம்

களுவாஞ்சிக்குடி
22.1.1942

மைத்துனர் நல்லரத்தினம் அவர்களுக்கு வினாயகமூர்த்தி எழுதியது. உமது தேக சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை எமக்குப் பெண்பிள்ளை கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம். சீதேவிக்கு எழுந்திருந்து எழுத இன்னும் இயலாது. எழுதினாலும் உள்ளதை எழுதமாட்டாள். ஆகையால் நான் எழுதுகிறேன்.

முன் இரண்டு பிள்ளைகளும் இவளுடைய பாலால்தான் போயின என்று ஊர்ப் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பாலில் நஞ்சிருக்கிறதாம். என் அக்காவே இந்தப் பிள்ளைக்கு வேறொருத்தி பால் கொடுக்க ஒழுங்கு செய்துவைத்திருந்தா. வந்தவளைக் கண்டதும் சீதேவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி இருந்துவிட்டாள். "என்ட புள்ளைய ஆரும் தொட ஒண்ணா" என்றாள். நான் நடுவில் நின்று வந்தவளை அனுப்பிவைத்தேன். பிறகு அக்கா பிள்ளையைச் சுளகில் வைத்து, ஒரு கொத்துத் தவிட்டுக்கு விற்றதாகவும் வாங்கியதாகவும் சடங்கு செய்தா. தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் தேடமாட்டானாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தடுக்கவும் துணியவில்லை.

நான் சிரித்துப் பேசுகிறவன் என்று உமக்குத் தெரியும். இப்போது வீட்டுக்குள் போகவே பயமாயிருக்கிறது. அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மில்லில் இருப்பதிலேயே வெள்ளையானதை கொண்டுவந்து கொடுக்கிறேன். நீர் அனுப்பிய மருந்து உண்மையில் என்ன? இலையானுக்குக் கொடுப்பதை மனுஷிக்குக் கொடுக்கலாமா? ஒளிக்காமல் எழுதும்.

இப்படிக்கு,
க. வினாயகமூர்த்தி


வெள்ளவத்தை, கொழும்பு
12.2.1942

என் அன்புள்ள அக்காவுக்கு,

மருமகள் பிறந்த செய்தி கேட்டு நான் அடைந்த சந்தோஷத்தை எழுத வார்த்தை இல்லை. நான் சுகம். அத்தானின் கடிதமும் கிடைத்தது. அவருக்குத் தனியே எழுதுவேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பாணி குடிப்பதை நிறுத்திவிடுங்கள். கீழே ஊற்றிவிட வேண்டாம். மூடி இறுக்கி ஒரு பக்கமாக வையுங்கள். பிள்ளைக்கு அதைக் காட்டவே வேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை, டொக்டர் ஒரு விஷயத்தைச் சரிபார்க்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்கு வயிற்றுவலி, குமட்டல், சத்தி ஏதாவது இருந்ததா? பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதா? தோலில் ஏதாவது நிறம் மாறியிருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

குத்தரிசி, பருப்பு, முட்டை கட்டாயம் சாப்பிடுங்கள். அக்கா, இதை மட்டும் என் சொல்லைக் கேளுங்கள்.

தம்பி நல்லரத்தினம்


மண்டூர்க் கந்தன் துணை

களுவாஞ்சிக்குடி
27.2.1942

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பிள்ளையும் நல்ல சுகம். சிங்கப்பூர் யப்பான்காரனிடம் விழுந்துவிட்டது, இனிக் கொழும்புதான் என்று இங்கே பேசுகிறார்கள். உன்னை நினைத்தால் இரவில் நித்திரை இல்லை. ஊருக்கு வந்துவிடேன்.

நீ சொன்னபடியே நிறுத்திவிட்டேன். போத்தலில் பாதிக்கும் குறைவு இருக்கிறது. வயிற்றுவலியும் இல்லை, சத்தியும் இல்லை. பிள்ளை அழுதால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். அத்தான் அதைக் கேட்பதற்கென்றே மில்லிலிருந்து மத்தியானம் வந்துபோகிறார்.

அவசரம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து அப்படிச் சொல்லவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது பொய் சொன்னால் எழுத்து சரிந்து விழும். அந்தப் பாணியில் என்ன இருக்கிறது, தம்பி? பிள்ளை வயிற்றிலிருந்தபோதே குடித்தேனே. அது பிள்ளைக்குள்ளும் போயிருக்குமா? தெரிந்தால் சொல். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

சாப்பாடு மச்சாள் தருவதுதான். முட்டையைக் கேட்டேன், தரவில்லை.

உடனே பதில் போடு,
அக்கா


களுவாஞ்சிக்குடி
28.3.1942

தம்பி,

நீ சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

மூன்று நாளாகப் பிள்ளை பாலைக் கக்குகிறாள். நேற்று முகம் ஊதினாற்போல இருந்தது. எல்லோரும் கொழுத்திருக்கிறாள் என்கிறார்கள். எனக்குத் தெரியும் அது கொழுப்பில்லை. இன்று காலை அழுதபோது தொண்டை கம்மியது.

மருந்துச்சாலை அப்போத்திக்கரியிடம் கொண்டுபோனோம். சளி என்று மருந்து தந்தார். முன் இரண்டுக்கும் அதைத்தான் சொன்னார். மச்சாள் பிள்ளையை என் மடியிலிருந்து எடுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறா. "இனியாவது கேளு கா, உன்ட பால்தான்" என்கிறா. சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் பரவாயில்லை. அழுதுகொண்டு சொல்கிறா. அதுதான் பயமாக இருக்கிறது. அவ சொல்வது சரியாக இருந்தால்? நான் கொடுக்கக் கொடுக்கத்தான் இவளுக்குக் கூடுகிறதோ? கொடுக்காவிட்டால் பசியில் பார்க்கிறாள். கொடுத்துவிட்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் மத்தியானம் வருவதை நிறுத்திவிட்டார்.

நீ அன்று கேட்ட கேள்விக்குக் காரணம் இருக்கிறது. உனக்கு ஏதோ தெரியும். எழுது.

அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
15.4.1942

அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. குண்டு விழுந்த நாளிலிருந்து இங்கே தபாலும் ரயிலும் தாறுமாறு. நான் உயிரோடு, காயமில்லாமல் இருக்கிறேன். உடனே தந்தி அடித்தேன். பதில் இல்லை. உங்கள் பக்கக் கடலிலும் கப்பலுக்குக் குண்டு போட்டதாகக் கேள்வி. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியவில்லை. மஜீத் காக்கா இன்று ஊருக்குப் புறப்படுகிறார். எங்கே இருந்தாலும் தேடிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். புதிய போத்தல் ஒன்றும் அவரிடம் இருக்கிறது.

பாணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு இதை வாசியுங்கள். சில துளியாக, நாளுக்குப் பல தரம். நீங்களும் குடியுங்கள்.

தை முடிவில் பாணி விட்ட போத்தல்களில் புழுக்கள் கறுத்துச் சாகத் தொடங்கின. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். உங்களுக்கு அனுப்பியதும் அதே சட்டியில் இறக்கியதுதான். நான் அந்தப் போத்தல்களுக்கு முன்னால் நின்று உங்களை நினைத்தேன். நிறுத்தச் சொல்லி எழுதினேன். காரணம் எழுதத் தைரியம் வரவில்லை. நீங்கள் திரும்பக் கேட்டபோது, நஞ்சு என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. அதனால் எழுதவில்லை.

குற்றம் பாணியில் இல்லை, அக்கா. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க எங்கள் ஜன்னல்களுக்குத் தார் பூசிய கடதாசி ஒட்டினார்கள். பாணிப் போத்தல்கள் எல்லாம் அந்த ஜன்னல் தட்டில் இருந்தன. தார் மணமும் சூடும் அவற்றைக் கொன்றுவிட்டன. டொக்டர் போத்தல்களை இடம்மாற்றி வைத்துப் பார்த்தார். அதே பாணி உள்ளறையில் நன்றாக வளர்க்கிறது. ஜன்னலருகில் வைத்த வாழைப்பழப் போத்தல்களும் செத்தன. இது நிச்சயமானது போன கிழமைதான், குண்டு விழுந்த அமளிக்குள்.

நான் நிறுத்தச் சொன்னதால்தான் இவளுக்கு வருத்தம் வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு சொல் போதும். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நல்லரத்தினம்


மண்டூர்க் கந்தன் துணை

மண்டூர் வட்டை
5.5.1942

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளை இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நீ சுகம் என்று அறிந்தது எனக்கு இன்னொரு உயிர் வந்த மாதிரி.

சித்திரை பிறக்கச் சில நாள் இருக்கும்போது காலையில் கடல்பக்கம் பெரிய இடியாகக் கேட்டது. விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் போயின. ஊரெல்லாம் குருமன்வெளித் துறைக்கு ஓடியது. தோணிகளில் ஏறி வாவிக்கு இக்கரை வந்துவிட்டோம். வயல் காவலுக்குப் போட்ட வாடியில்தான் அன்றுமுதல் இருக்கிறோம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோக அத்தான் வண்டி தேடினார். ஆஸ்பத்திரி முழுக்க கடலில் காயப்பட்ட வெள்ளைக்காரர்கள், பாதையில் பட்டாளம், போக ஏலாது என்று திருப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் பிள்ளைக்குச் சத்தம் முழுக்க அடங்கிவிட்டது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து அழுதாள், எனக்குக் காற்றுத்தான் கேட்டது. மச்சாள் வெளியே போய் நின்றுகொண்டா. அவவுக்கும் பார்க்க முடியவில்லை.

போத்தலை உடுப்பு மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். நீ நிறுத்தச் சொன்னதால் அதில் ஏதோ கேடு இருக்கிறதென்று நம்பினேன். ஆனால் அதைக் குடித்த காலத்தில்தான் என் கால் தேறியது. அதைக் குடித்தபோது இவள் ஊர் கேட்க அழுதாள். நிறுத்திய பிறகுதான் கம்மியது. இது இரண்டும் எனக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. கேட்கவும் நீ இல்லை.

முதலில் நான் ஒரு வாய் நிறையக் குடித்தேன். வெயில் வாடிக்குள் வரும்வரை காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு விரலில் தோய்த்து இவள் நாக்கில் தடவினேன். அத்தான் என் கையைப் பிடித்தார். "அது நஞ்செண்டால் என்ன செய்வாய்?" என்றார். "நஞ்செண்டாலும் நான் சும்மா பாத்துக்கொண்டிருக்க ஏலாது, கைய விடுங்க" என்றேன். விட்டுவிட்டார். அன்று பின்னேரம் முழுக்கத் துளித்துளியாகக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் நானே கொல்கிறேன் என்ற நினைப்பு. பாதி இவள் கன்னத்தில் வடிந்தது.

விடிந்ததும் உதட்டில் நிறம் வந்திருந்தது. நான் முகம் கழுவ எழும்பினேன். பின்னால் ஒரு கீச்சுச் சத்தம். கோழிக்குஞ்சு என்று நினைத்தேன். பிறகு பெரிதாக, கோபமாக, அழுதாள். வரப்பில் நின்ற அத்தான் அப்படியே குந்திவிட்டார். மச்சாள் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கவில்லை, என் காலைக் கட்டிக்கொண்டா.

மஜீத் காக்கா தோணி பிடித்து உன் கடிதத்தையும் புதுப் போத்தலையும் கொண்டுவந்தபோது இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி, நீ உன்மேல் பழி போடாதே. பாணி இல்லாத நாளில் இவளைக் கெடுத்தது எது என்று நான் யோசித்தேன். பதில் நீ ஆவணிக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், உன் போத்தல்களைப் பற்றி. வெள்ளை அரிசி தின்ற புழு இரைக்கு நடுவில் கிடந்து சாகிறது என்றாய். அதற்குப் பிறகு என் பிள்ளைகள் எப்படி அழுதார்கள் என்று கேட்டாய். அன்றே உனக்குத் தெரியும். என் பாலில் நஞ்சு இருக்கவில்லை, இருக்கவேண்டியது ஒன்று இல்லாமலிருந்தது. இரண்டும் என் மார்பிலேயே பசியில் போயிருக்கின்றன. என்னிடம் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. ஊர் சொல்வதும் நீ சொல்வதும் என் காதில் ஒன்றாகக் கேட்கும் என்று பயந்தாய். ஓம், அப்படித்தான் கேட்டிருக்கும். நஞ்சு என்பதும் இல்லாமை என்பதும் எனக்குள் எது கூட நோகிறது என்று இன்னும் தெரியவில்லை.

அத்தானிடம் நானும் மறைக்கத்தான் நினைத்தேன். தோளில் சாக்குச் சுமந்து வந்தவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் மச்சாளின் மகளுக்கு இந்த ஆனியில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. போன கிழமை அத்தான் அவளுக்கென்று மில்லிலிருந்து முதல்தர அரிசி ஒரு சாக்குக் கொண்டுவந்து அவள் ஊருக்குப் போகும் தோணியில் ஏற்ற நின்றார். துறைவரை ஓடினேன்.

"அதைக் குடுக்காதீங்க" என்றேன்.

"ஏன், நல்ல அரிசிதானே?"

"அதுதான் புள்ளைக்கு வந்த வருத்தம். அதில சத்தில்ல. தம்பி கண்டுபிடிச்சிருக்கான். அவளுக்குக் குத்தரிசி குடுங்க, பருப்புக் குடுங்க, இந்தப் பாணியக் குடுங்க."

அவர் சாக்கை வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோணிக்காரன் இரண்டு தரம் கூப்பிட்டான். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப, நம்மட மத்த ரெண்டும்?"

நான் ஓம் என்றேன்.

தோணி அரிசி இல்லாமல் போனது. நாங்கள் இருவரும் அந்தச் சாக்கின்மேல் பொழுது சாயும்வரை இருந்தோம். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் உனக்குக் கோபமில்லாமல் அன்பு சொல்லச் சொன்னார். நீயும் சாப்பாட்டில் கவனமாக இரு.

அக்கா சீதேவிப்பிள்ளை